லௌஷா மலையூரின் கண்ணாடிக் கனிகள்

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் கண்ணாடிக் குமிழ் ஒன்றைக் கையில் எடுத்து, அதன் தலையை மூடியிருக்கும் மெல்லிய தகரக் குல்லாயைக் கழற்றிப் பார்த்தால், வெளியே கண்ணைப் பறிக்கிற அந்தப் பிரகாசம் முழுவதும் கண்ணாடியின் உட்புறத்தில்தான் படிந்திருக்கிறது என்பது தெரியவரும். கையால் செய்த பழைய குமிழாக இருந்தால், குல்லாய்க்கு அடியில் ஒளிந்திருக்கும் கழுத்து பல்லும் பள்ளமுமாக, எவரோ கீறி ஒடித்த இடம் ஒடித்தபடியே இருக்கும். அந்த ஒடிப்பு ஒரு சிறுமியின் கைவேலையாக இருந்திருக்கக்கூடும் என்பதையும், உள்ளே வெள்ளியை ஓடவிட்டுக் குலுக்கியவள் அவள் தாயாக இருந்திருப்பாள் என்பதையும், கண்ணாடியை ஊதி விரித்தது தகப்பனுடைய மூச்சு என்பதையும் அறிந்த பின்பு, அந்தச் சிறு பொருளை முன்போல் அலட்சியமாகப் பெட்டிக்குள் போட மனம் வருவதில்லை. வீட்டில் செய்த அலங்காரம் என்று சொல்லும்போது, அது எந்த வீட்டில் தொங்குகிறதோ அந்த வீட்டாரே செய்தது என்றுதான் பொருள் கொள்ளுகிறோம். இந்தக் குமிழ்களும் வீட்டில் செய்தவையே; வீடு மட்டும் வேறு. ஜெர்மனி தேசத்தில், துரிங்கியா மலைக்காட்டின் நடுவே ஒரு பள்ளத்தாக்கில் அடைந்து கிடக்கும் லௌஷா என்னும் சிற்றூரின் வீடுகள் அவை. ஏறத்தாழ நூறு வருஷ காலம், எத்தனையோ தேசங்களின் மரங்களுக்கு அந்த வீடுகளிலிருந்துதான் ஒளி போயிற்று.

மரத்துக்கு அணி பூட்டும் வழக்கம் ஆதியில் அவரவர் வீட்டுக் காரியமாகவே இருந்தது. 1605-ஆம் வருஷத்தில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தைக் கண்ட ஒரு பிரயாணி, அந்நகரத்தார் கிறிஸ்துமஸ் சமயத்தில் தேவதாரு மரத்தைக் கொண்டுவந்து கூடத்தில் நிறுத்தி, பல வர்ணக் காகிதத்தில் வெட்டிய ரோஜாப் பூக்களையும், ஆப்பிள் பழங்களையும், மெல்லிய அப்பங்களையும், தங்கத் தகட்டையும், சர்க்கரைப் பண்டங்களையும் அதில் தொங்கவிட்டார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். ஆப்பிள் பழம் அங்கே வந்ததற்குக் காரணம் உண்டு. டிசம்பர் 24-ஆம் தேதி அந்நாட்டு வழக்கத்தில் ஆதாம் ஏவாளுக்குரிய நாள். மத்திய காலத்தில் அந்நாளில் நடந்த ஏதேன் தோட்டத்து நாடகத்தில், விலக்கப்பட்ட கனியைத் தாங்கி நின்றது ஒரு பசுமரம். நாடகம் வழக்கொழிந்த பின்னும் மரமும் கனியும் வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டன. அக்ரோட்டுக் கொட்டைகளுக்குப் பொன் முலாம் பூசுவதும், காகிதத்தைக் கத்தரித்துச் சங்கிலி கோப்பதும், மாவைப் பிசைந்து அச்சுப் பலகாரம் சுடுவதும் பனிக்காலத்து இரவுகளில் குடும்பம் முழுவதும் சேர்ந்து உட்கார்ந்து செய்கிற வேலைகளாயின. பண்டிகை முடிந்ததும் மரத்தை உலுக்கி, தொங்கியவற்றைக் குழந்தைகள் தின்றுவிடுவார்கள். அடுத்த வருஷத்துக்கென்று எடுத்துவைக்க அதில் அதிகம் மிஞ்சுவதில்லை.

ஸ்ட்ராஸ்பர்க் குறிப்புக்கு எட்டு வருஷம் முன்னதாக, 1597-இல், ஹான்ஸ் க்ரைனர், கிறிஸ்டோஃப் ம்யூல்லர் என்னும் இரு கண்ணாடித் தொழிலாளிகள், கோபர்க் பிரபுவான யோஹான் காசிமிரிடம் அனுமதி பெற்று, லௌஷா ஓடைக்கரையில் ஒரு கண்ணாடி உலையை நிறுவினார்கள். கண்ணாடிக்கு வேண்டியவை மணலும், சுண்ணாம்பும், மரச்சாம்பலிலிருந்து எடுக்கும் காரமும், எல்லாவற்றுக்கும் மேலாக இரவும் பகலும் அணையாத நெருப்பும். அந்நெருப்புக்கு வேண்டிய விறகு அந்த மலையில் முடிவின்றி நின்றது. பயிர்த்தொழிலுக்கு உதவாத செங்குத்தான சரிவு அது. உலையைச் சுற்றித்தான் ஊர் வளர்ந்ததேயன்றி, ஊர் இருந்த இடத்துக்கு உலை வந்து சேரவில்லை. அவ்விருவர் வம்சமும் பெருகி ஊரெங்கும் க்ரைனர்களும் ம்யூல்லர்களுமாக நிறைந்துவிட்டபடியால், ஒருவரை ஒருவர் அடையாளம் காணக் குடும்பப் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயரையும் ஒட்டிக்கொள்ள நேர்ந்தது. ம்யூல்லர் ஊரி, ம்யூல்லர் ப்ளெக், க்ரைனர் ஃபெட்டர்ஸ் ஜோன் என்று இன்றும் அத்தொழிலில் வழங்கும் பெயர்கள் அவ்விதம் உண்டானவை. ஒரே பெயருள்ளவர்கள் பலர் இருக்கும் நம் கிராமங்களில் பட்டப்பெயர் வைத்து அழைப்பதை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

உலையில் வேலை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. உலையின் உரிமைப் பங்கு சில குடும்பங்களிடம் நின்றுவிட, மற்றவர்கள் பிழைப்புக்கு வேறு வழி தேடியபோது, 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், விளக்குச் சுடரில் கண்ணாடியை இளக்கி ஊதும் வித்தை ஊருக்குள் பரவிற்று. இதற்குப் பெரிய உலை வேண்டியதில்லை. உலையிலிருந்து விலைக்கு வாங்கிய கண்ணாடிக் குழல் ஒரு கட்டு, ஒரு மேசை, எண்ணெய் விளக்கு, காலால் மிதிக்கும் துருத்தி, இவ்வளவு இருந்தால் எந்தக் குடிசையும் தொழிற்சாலை ஆகிவிடும். முதலில் அவர்கள் ஊதியவை உள்ளீடற்ற மணிகள். மீன் செதிலிலிருந்து எடுத்த ஒருவகை வெள்ளிநிறக் குழம்பை உட்புறம் பூசி, மெழுகை நிரப்பிவிட்டால், அது முத்தென்றே எண்ணும்படி இருக்கும். ஒளியை உள்ளே பூசும் யுக்தி இந்த மணிகளிலேயே பிறந்துவிட்டது என்பதை நாம் கவனித்துக்கொள்ள வேண்டும். அதே ஊரில் 1835-இல் லூட்விக் ம்யூல்லர் ஊரி என்பவர், பொம்மைகளுக்குக் கண் செய்துகொண்டிருந்த கையாலேயே, கண்ணிழந்த மனிதருக்கு அணிவிக்கத்தக்க கண்ணாடிக் கண்ணைச் செய்து முடித்தார். சிறுவர் விளையாடும் கண்ணாடிக் கோலிக்குண்டுகளை விரைவாக வெட்டி உருட்டுவதற்கான கத்தரிக் கருவியும் அந்த நூற்றாண்டின் நடுவில் அங்கேதான் உண்டாயிற்று. இத்தனை சாமர்த்தியம் இருந்தும் ஊரில் தரித்திரம் நீங்கவில்லை. மணி வியாபாரத்தில் பொஹீமியா நாட்டார் கடும் போட்டியாக வந்து சேர்ந்தார்கள்.

ஏழையான ஒரு கண்ணாடித் தொழிலாளி, தன் குழந்தைகளின் மரத்தில் தொங்கவிட ஆப்பிளுக்கும் அக்ரோட்டுக்கும் காசில்லாமல், அவற்றைக் கண்ணாடியிலேயே ஊதிவிட்டான் என்று லௌஷாவில் ஒரு கதை வழங்குகிறது. அது 1847-இல் நடந்தது என்றும் சொல்லுவார்கள். கதை கதையாக இருக்கட்டும். ஊரிலுள்ள ஒரு கண்ணாடித் தொழிலாளியின் கணக்குப் புத்தகத்தில், 1848-ஆம் வருஷத்துப் பக்கத்தில், பல அளவுகளில் ஆறு டஜன் கிறிஸ்துமஸ் குமிழ்களுக்கு ஆர்டர் வந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. எழுபத்திரண்டு குமிழ்கள்! பிற்காலத்தில் கப்பல் கப்பலாகச் சரக்கு ஏற்றிய ஒரு தொழில், எழுத்தில் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிவது அந்த ஆறு டஜனில்தான். என்றாலும் கதையை நான் முற்றிலும் தள்ளிவிட மாட்டேன். முதலில் ஊதிய வடிவங்கள் பழமும் கொட்டையும் என்பதில், அவை எந்த வழக்கத்துக்குப் பதிலாக வந்தன என்பது தானே விளங்குகிறது. தின்று தீர்ந்துவிடுகிற கனியின் இடத்தில் தீராத கனியை வைத்தார்கள்.

அதே 1848-ஆம் வருஷத்து டிசம்பரில், இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் என்னும் வாரப் பத்திரிகை, விக்டோரியா மகாராணியும் ஆல்பர்ட் இளவரசரும் குழந்தைகளுடன் வின்ட்ஸர் மாளிகையில் கிறிஸ்துமஸ் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் சித்திரத்தை வெளியிட்டது. அந்த இளவரசர் கோபர்க் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள ரோஸனவ் மாளிகையில் பிறந்தவர்; லௌஷா அங்கிருந்து ஒரு நாள் நடைத்தூரத்து மலையூர்; முதல் உலைக்கு அனுமதி தந்த பிரபுவும் கோபர்க்கை ஆண்டவரே. இரண்டு வருஷம் கழித்து அமெரிக்காவில் ஒரு மாதர் பத்திரிகை, ராணியின் முடியணியையும் இளவரசரின் மீசையையும் நீக்கிவிட்டு, அதே சித்திரத்தை அமெரிக்கக் குடும்பமென்று அச்சிட்டது. அவ்விரு சித்திரங்களைப் பார்த்த நடுத்தர வீடுகளெல்லாம் தங்களுக்கும் ஒரு மரம் வேண்டுமென்று ஆசைப்பட்டன. அந்த மரங்களை நிரப்பத்தக்க கைகள் ஆல்பர்ட்டின் சொந்தச் சீமையிலேயே காத்திருந்தன.

தொடக்கத்தில் வந்த குமிழ்களுக்கு இரண்டு குறைகள் இருந்தன. கண்ணாடி கனமாக இருந்ததால் கிளை தாங்கவில்லை. உட்புறம் உருக்கி ஓட்டிய ஈயக் கலவையால் ஒளி மங்கலாக இருந்தது. முதற்குறை 1867-இல் ஊருக்கு எரிவாயு நிலையம் வந்ததும் நீங்கிற்று. எண்ணெய்ச் சுடரைவிடச் சூடானதும், தொழிலாளி தன் விரலால் கூட்டவும் குறைக்கவும் இசைவதுமான வாயுச் சுடரில், பெரிய குமிழையும் காகிதம்போல் மெல்லியதாக ஊத முடிந்தது. இரண்டாவது குறையைத் தீர்த்தது யூஸ்டுஸ் ஃபான் லீபிக் என்னும் ரசாயன பண்டிதரின் ஆராய்ச்சி. வெள்ளி நைட்ரேட்டை அம்மோனியாவில் கரைத்துச் சர்க்கரைச் சத்தைச் சேர்த்தால், கரைந்திருந்த வெள்ளி பிரிந்து கண்ணாடியின்மேல் ஆடிபோல் படிந்துவிடும். முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கென்று அவர் வகுத்த அம்முறையை, 1870-ஆம் வருஷத்தை ஒட்டி லௌஷாக்காரர்கள் தங்கள் குமிழ்களுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வீடுகளில் ஒன்றுக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்க வேண்டும். ஜன்னலோரம் மேசையில் சுடர் சீறிக்கொண்டிருக்கிறது. குழலை இரு கையாலும் பிடித்து, ஓயாமல் உருட்டிக்கொண்டே நடுவில் சூடேற்றி இழுத்தால், இரு புறமும் ஊசிபோல் மெலிந்து நடுவில் மட்டும் சிறிது தடித்த கதிர்போன்ற உருவம் கிடைக்கும். ஒரு முனையை மூடி, தடித்த பாகத்தை மறுபடி சுடரில் காட்டி, அது ஆரஞ்சு நிறமாகி இளகித் தொங்கப்போகும் தறுவாயில் வெளியே எடுத்து, மற்ற முனையில் வாய் வைத்துத் தொழிலாளி ஊதுகிறான். உருட்டுவது ஒரு கணம் நின்றாலும் குமிழ் கோணிவிடும். மூச்சு ஒரு சிறிது மிகுந்தாலும் வெடித்துத் தூளாகும். அளவுகோல் ஒன்றும் கையில் இல்லை. ஒரு டஜன் குமிழும் ஒரே அளவாக இருப்பதற்கு அவன் கண்ணும் கன்னமுமே சாட்சி. முழு உருண்டையல்லாத உருவம் வேண்டுமானால், மேசையில் பொருத்திய இரட்டை அச்சுக்குள் இளகிய கண்ணாடியை வைத்து, அச்சை மூடி, ஒரே மூச்சில் ஊதி நிரப்ப வேண்டும்.

ஆறின குமிழ்கள் வால்போன்ற நீண்ட குழலுடன் பெண்களிடம் போகும். வெள்ளிக் கரைசலை உள்ளே சிறிதளவு ஊற்றி, வெந்நீரில் காட்டிக் குலுக்கக் குலுக்க, முதலில் ஒரு கறுமை ஓடும். அந்தக் கறுமை பழுப்பாகி, சட்டென்று ஒரு கணத்தில் குமிழ் முழுவதும் ஆடியாக மாறிவிடும். எத்தனை ஆயிரம் தரம் பார்த்தாலும் அலுக்காத காட்சி அது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வெள்ளி நைட்ரேட் பட்ட தோல் வெளிச்சத்தில் கறுத்துப்போகும். எவ்வளவு கழுவினாலும் பல நாள் நீங்காது. உலகத்துக்கு ஒளி பூசிய அந்தக் கைகளுக்கு மிஞ்சியது கறுத்த விரல்கள். எஞ்சிய கரைசலைக் கொட்டிவிட்டு, வர்ண அரக்கில் தோய்த்து, ஆணி அடித்த பலகையில் ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு குமிழாகக் கவிழ்த்து உலர்த்துவார்கள். பிறகு சிறு தூரிகையால் பூவும் பனியும் எழுதுவதும், பிசின் தடவிப் பொடிக்கண்ணாடி தூவுவதும் நடக்கும். வாலைக் கீறி ஒடிப்பதும், கம்பி வைத்த குல்லாயைச் செருகுவதும், அட்டைப் பெட்டியில் டஜன் டஜனாக அடுக்குவதும் பிள்ளைகள் பங்கு. பள்ளி விட்டு வந்ததும் அவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள்; பண்டிகைக்கு முந்திய மாதங்களில் இரவு வெகுநேரம்வரை வேலை நீளும். குடும்பத்தில் ஒருவர் நோயில் விழுந்தால் முழுச் சங்கிலியும் அறுந்துபோகும். தறியை நம்பி வாழும் வீடுகளை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. விற்கும் விலை வேறொருவர் கையில் இருப்பதும் அங்கே போலத்தான்.

அந்த விலை ஸோன்னபெர்க் நகரத்து மொத்த வியாபாரிகளின் கையில் இருந்தது. பொம்மை வியாபாரத்துக்கு உலகப் பிரசித்தி பெற்ற அந்நகரம் மலையின் அடியில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. லௌஷாப் பெண்கள், தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும்படி பெட்டிகளை அடுக்கிய கூடையை முதுகில் கட்டிக்கொண்டு, காட்டுப் பாதையில் இறங்கி நடப்பார்கள். சுமை எடையில் சொற்பம். பனியில் கால் வழுக்கிற்றானால் ஒரு வாரத்து உழைப்பு ஒரு நொடியில் தூள். சரக்கைக் கொடுத்து, கிடைத்ததை வாங்கி, அதில் குழலுக்கும் வெள்ளிக்கும் செலவிட்டது போக மிஞ்சியதற்கு வீட்டுச் சாமான் வாங்கிக்கொண்டு மறுபடி மலையேற வேண்டும். 1886-இல் ஸோன்னபெர்க்கிலிருந்து ரயில் பாதை லௌஷாவை எட்டிற்று. நடை குறைந்ததேயன்றி, வியாபாரி சொல்லும் விலை உயரவில்லை.

அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து லங்காஸ்டர் நகரில், எல்லாச் சாமான்களையும் ஐந்து சென்டுக்கும் பத்து சென்டுக்கும் விற்கும் கடையொன்றை வைத்திருந்த ஃப்ராங்க் உல்வொர்த் என்பவரிடம், 1880-இல், இறக்குமதி வியாபாரி ஒருவர் இந்தக் குமிழ்களைக் காட்டினார். கை பட்டால் உடைகிற, ஒரு பயனுமில்லாத இந்தச் சாமானை யார் வாங்குவார்கள் என்று உல்வொர்த் மறுத்துப் பார்த்து, விற்காவிட்டால் நஷ்டமில்லை என்ற உறுதியின்பேரில் மிக்க தயக்கத்தோடு 25 டாலர் பெறுமான சரக்கை எடுத்துக்கொண்டார். இரண்டே நாளில் ஒன்றும் மிச்சமில்லை. அதன்பின் வருஷந்தோறும் அவர் கேட்ட தொகை பெருகிற்று. 1890-இல் அவரே ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, லௌஷா மலையேறிச் சென்று, தம் கடைகளை நிரப்பிய சரக்கு எவ்விதமான வீடுகளில் உண்டாகிறது என்பதை நேரில் கண்டார்.

கேட்பவர் பெருகவே உருவங்களும் பெருகின. அச்சு வெட்டுவதற்கென்றே தனித் தொழிலாளிகள் ஏற்பட்டார்கள். திராட்சைக் குலை, தேவதாருக் காய், மீன், வீடு, தாடிக் கிழவர், ஆகாயக் கப்பல் மிதக்கத் தொடங்கிய காலத்தில் ஆகாயக் கப்பல் என, கண்ணில் பட்டதெல்லாம் கண்ணாடியில் வந்தது. வாயில் வைத்து ஊதினால் உண்மையாகவே ஒலிக்கும் எக்காளமும், நாக்குத் தொங்கும் மணியும் உண்டு. இவற்றில் எனக்கு மிக விருப்பமானது பறவை. உடலைக் கண்ணாடியில் ஊதி, வாலுக்கு மட்டும், தலைமயிரினும் மெல்லியதாக இழுத்த கண்ணாடி நூலைக் கற்றையாகச் செருகி, கிளையைக் கவ்விக்கொள்ள ஒரு சுருள்கம்பிக் காலையும் வைத்துவிடுவார்கள். அறைக்குள் யாராவது நடந்தால் கம்பி அதிர்ந்து பறவை லேசாகத் தலையசைக்கும். பருத்திப் பஞ்சிலும் ஜிகினாத் தகட்டிலும் அணி செய்த ஸெப்னிட்ஸ் நகரத்தாரும், அட்டையை அழுத்தி உலோகம்போல் மினுக்கிய டிரெஸ்டன் நகரத்தாரும் தத்தம் வழியில் பேர்பெற்றவர்களே. பொஹீமியாவின் பொனிக்லா கிராமத்தார், ஊதிய சிறு மணிகளைக் கம்பியில் கோத்து நட்சத்திரமும் வண்டியும் செய்தார்கள். என்றாலும் ஒளியென்று பார்த்தால் லௌஷாவுக்கு இணை இல்லை.

முதல் உலக யுத்தம் கடல் வழியை அடைத்தது. அது முடிந்து வியாபாரம் மீண்டபோது செக்கோஸ்லோவாகியாவும் ஜப்பானும் போட்டிக்கு வந்திருந்தன. 1939-இல் மறுபடியும் யுத்தம் மூண்டு ஜெர்மன் சரக்கு நின்றபோது, அமெரிக்காவில் மாக்ஸ் எக்கார்ட் என்னும் இறக்குமதி வியாபாரியும் உல்வொர்த் கடைக்காரர்களும் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தை நாடினார்கள். மின்விளக்குக் குமிழ்களை நாடாபோல் ஓடும் கண்ணாடியிலிருந்து நொடிக்கு நொடி ஊதித் தள்ளுகிற பிரம்மாண்டமான இயந்திரம் அந்நிறுவனத்தாரிடம் இருந்தது. அதில் சிறிது மாறுதல் செய்து கிறிஸ்துமஸ் குமிழ்களை ஊதினார்கள். தேர்ந்த கை நாளெல்லாம் உழைத்தாலும் சில நூறுகளைத் தாண்டாத ஒரு வேலையை, அந்த இயந்திரம் நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் முடித்தது. யுத்த நெருக்கடியில் வெள்ளியும் உலோகமும் கிடைக்காமல் போனபோது, வெள்ளி பூசாத வெறுங்கண்ணாடியில் வர்ணக் கோடுகளை இட்டு, காகிதக் குல்லாயை வைத்து விற்றார்கள். அந்த எளிய குமிழ்களை இன்று அமெரிக்கர்கள் பாட்டி காலத்துப் பொக்கிஷமாகப் பேணுகிறார்கள் என்பதையும் குறை கூறுவதற்கில்லை.

யுத்தம் ஓய்ந்தபோது லௌஷா ருஷியர் வசமான பாகத்தில் அகப்பட்டது. கோபர்க்கும் அதற்கடுத்த நொய்ஷ்டாட்டும் அமெரிக்கர் வசம். கூடை சுமந்த பெண்கள் இறங்கிய ஸோன்னபெர்க்குக்கும் நொய்ஷ்டாட்டுக்கும் இடையே எல்லை வேலி எழுந்தது. ஊதும் சுடரையும் பழைய அச்சுகளில் இயன்றவற்றையும் விட்டுவிட மனமில்லாத சில குடும்பங்கள் வேலிக்கு அப்பால் போய் நொய்ஷ்டாட்டில் குடியேறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கின. லௌஷாவில் தங்கியவர்களில் பெரும்பாலோர் நாளடைவில் அரசாங்கத் தொழிற்சாலையின்கீழ் வந்தார்கள். அவர்கள் ஊதிய குமிழ்களை அந்த அரசாங்கம், அயல் நாட்டு நாணயம் வேண்டி, மேற்கே விற்றது. வேலிக்கு இருபுறமும் ஒரே முன்னோரின் சந்ததியார் ஒரே வித்தையைச் செய்துகொண்டு நாற்பது வருஷம் கழித்தார்கள். 1990-இல் தேசம் ஒன்றானபின் அரசாங்கத் தொழிற்சாலை கலைந்தது. பல குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் மறுபடி மேசையையும் சுடரையும் அமைத்துக்கொண்டன.

வாயால் ஊதும் லௌஷாக் குமிழ்த் தொழிலை 2021-இல் ஜெர்மனி தன் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முந்திய வருஷமே பொனிக்லாவின் மணி அணிகளையும், 2023-இல் ஜெர்மனி உள்ளிட்ட ஆறு தேசங்களின் கைக்கண்ணாடித் தொழிலையும் யுனெஸ்கோ தன் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. பட்டியலில் ஏறியதால் மூச்சுக்கு விலை உயர்ந்துவிடுவதில்லை. எந்திரக் குமிழ் ஒரு டஜன் கிடைக்கிற விலைக்கு இங்கே ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். என்றாலும் லௌஷாவில் வேலை கோடையிலேயே சூடுபிடித்துவிடுகிறது. ஆடி மாதத்து வெயில் ஜன்னலில் விழுந்துகொண்டிருக்கையில், சுடருக்கு முன்னால் ஒருவர் குழலை உருட்டிக்கொண்டிருக்க, பின்னறையில் ஆணிப் பலகைகள்மேல் சிவப்பும் பொன்னுமாகப் பனிக்காலத்துப் பழங்கள் உலர்ந்துகொண்டிருக்கும். டிசம்பர் பிறந்து, உலகமெங்கும் மரங்கள் கூடத்துக்கு வரும் வேளையில், அந்தப் பலகைகளில் ஆணிகள் மட்டுமே நிற்கும்.